பலகையில் ஒட்டிய பட்டியல்: தர்மபுரியில் ஒரு பதினோராம் வகுப்புச் சேர்க்கை

2025-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் என் தங்கை மகளைப் பதினோராம் வகுப்பில் சேர்ப்பதற்காகத் தர்மபுரி நகரத்துக்கு ஏழு முறை சென்று வந்தேன். அந்தப் பயணங்களில் ஒரு தனியார் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தையும், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் சேர்க்கை நடைமுறையையும் அடுத்தடுத்துப் பார்க்க நேர்ந்தது. இந்த மதிப்பீடு பெரிதும் அந்த அரசுப் பள்ளியைப் பற்றியது. அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். இடம் கேட்டு வருகிற குடும்பத்தை அப்பள்ளி எப்படி நடத்துகிறது, இருக்கிற இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்துவிட்ட நிலையில் யாருக்கு இடம் என்பதை எப்படி முடிவு செய்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் இரண்டு பள்ளிகளின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

என் தங்கையும் அவள் கணவரும் பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறார்கள். இண்டூரிலிருந்து உள்ளே செல்லும் ஒரு சிற்றூரில், ஆயாவின் வீட்டில், அதாவது என் தாயாரிடம், மகள் வளர்கிறாள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஊரிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, மே 16 அன்று வெளியான பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவில் 500-க்கு 421 மதிப்பெண் பெற்றாள். உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். எனவே அந்த ஊரில் தேறிய பிள்ளைகள் அனைவரும் மேல்நிலைப் பள்ளியைத் தேடி வெளியே போயாக வேண்டும். தர்மபுரியைச் சுற்றி இப்படிப் பத்தோடு நின்றுவிடும் பள்ளிகள் பல இருக்கின்றன. அத்தனை ஊர்ப் பிள்ளைகளும் மே மாதத்தின் ஒரே வாரத்தில் நகரப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றே: கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்.

இந்தக் கூட்டத்துக்குக் காரணம் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அவ்வாறு படித்த பெண்கள் உயர்கல்வியில் சேரும்போது மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். தர்மபுரியில் 2008 முதலே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் ஒன்று திறக்கப்பட்டது. பேருந்தின் சன்னலிலிருந்தே பார்க்கக்கூடிய தொலைவில் ஒரு மருத்துவக் கல்லூரி நிற்கும்போது, கூலி வேலைக்குப் போகிறவரின் மகளும் அதை நினைத்துப் பார்க்கிறாள். நினைக்கட்டும் என்பதற்காகத்தானே அந்த ஒதுக்கீடு வந்தது.

முதலில் நான் சென்றது தனியார் பள்ளிக்கு. தேர்வு முடிவு வந்த மறுநாள், சனிக்கிழமை. என் தங்கை தொலைபேசியில், “அண்ணா, ஹாஸ்டலோட இருக்கற ஸ்கூலா பாருங்க, கடன் வாங்கியாவது கட்டிடறோம்” என்று சொல்லியிருந்தாள். அலுவலகத்தில் மரியாதையாகவே அமர வைத்தார்கள். முதல் குரூப் நிரம்பிவிட்டது என்றும், முன்பணமாக 5,000 ரூபாயும் அசல் மாற்றுச் சான்றிதழும் கொடுத்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதாகவும் கூறினார்கள். எத்தனையாவது பெயராகச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். அது நிர்வாகத்தின் முடிவு என்றார்கள். பட்டியலைப் பார்க்கலாமா என்றதற்கும், எந்த நாளுக்குள் தெரியும் என்றதற்கும், இடம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றதற்கும் அதே பதில்தான். பணத்துக்கு ரசீது தருவார்களா என்று கேட்டபோது, சேர்க்கை உறுதியான பிறகு மொத்தமாகத் தருவோம் என்றார்கள்.

நான் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். காலையும் மாலையும் உறுப்பினர் ஊற்றுகிற பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் அவர் கண்ணெதிரில் பதிவேட்டில் எழுதி, அவருடைய அட்டையிலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. வரிசை எண்ணும் நாளும் இல்லாத ஒரு பெயர்ப் பட்டியலை என்னால் பட்டியலாகக் கருத முடியவில்லை. ஆனாலும் மருமகளின் முகத்தைப் பார்த்தபோது பணத்தைக் கட்டிவிடலாமா என்ற எண்ணம் எழுந்தது உண்மை. அவளுடைய வகுப்பாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வெளியே வந்து தொலைபேசியில் அழைத்தேன். “டி.சி.யைக் கையை விட்டுடாதீங்க சார்” என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

அவர் விளக்கியதை இங்கே முழுமையாக எழுதுகிறேன், ஏனெனில் நான் சந்தித்த பெற்றோர்களில் பாதிப் பேருக்கு மேல் இதை அறியவில்லை. பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் தனியார் பள்ளியில் படித்தாலும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் தகுதி போய்விடும். ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த ஐந்து ஆண்டுகள் அதற்குக் கணக்கில் வாரா. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் இந்த ஒதுக்கீடு கிடையாது. புதுமைப் பெண் உதவித்தொகையும் தனியார் பள்ளிக்குப் போனால் கிடைக்காமல் போய்விடும். மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு, எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் மாணவியின் எண்ணைப் புதிய பள்ளி எடுத்துக்கொண்டுவிட்டால், பின்பு மனம் மாறி அரசுப் பள்ளிக்கு வருவதற்குள் அங்கே இடம் முடிந்திருக்கும். கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழை எந்தப் பள்ளியும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் சான்றிதழ் திரும்பக் கைக்கு வருவதற்கு ஆகும் நாள்களை எந்தத் தீர்ப்பும் ஈடு செய்யாது. தனியார் பள்ளி அலுவலகத்தில் நான் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். அரசுப் பள்ளியிலிருந்து வருகிற பெண் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த இழப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பள்ளி மீது என் முதன்மையான வருத்தம் இதுவே, முன்பணத்தைப் பற்றியது இரண்டாவதுதான்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது, நுழைவுத் தேர்வு வைப்பதையும் நன்கொடை வாங்குவதையும் தடுக்கிறது. ஆனால் அந்தக் காவல் எட்டாம் வகுப்போடும் 14 வயதோடும் முடிந்துவிடுகிறது. 15 வயதில் பதினோராம் வகுப்புக்கு இடம் கேட்டு நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் துணை நிற்பதில்லை. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டமும் பணத்தைப் பற்றிப் பேசுகின்றன. எனவே ஒரு பள்ளி தன் பட்டியலை எவ்வளவு திறந்து வைக்கிறது என்பதில்தான் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் நியாயம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

மே 20 அன்று தற்காலிக மதிப்பெண் சான்றிதழோடு அரசுப் பள்ளிக்குச் சென்றோம். வாயிலை அடுத்த புங்க மரத்தடியில் இரண்டு மேசைகள். முதல் மேசையில் விண்ணப்பம் இலவசமாகக் கிடைத்தது. அருகில் ஒரு கரும்பலகையில் எந்தெந்தக் குரூப்பில் எத்தனை இடம், தமிழ் வழியில் எத்தனை, ஆங்கில வழியில் எத்தனை, விண்ணப்பம் தர இறுதி நாள் எது, பட்டியல் வெளியாகும் நாள் எது என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்றபடியே எல்லோரும் அதைப் படித்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் எழுத்தறியாதவர். அவருடைய பேத்தி அதைப் படித்துச் சொல்ல, அவர் இடங்களின் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மேசையில் இருந்த ஆசிரியை விண்ணப்பத்தைச் சரிபார்த்தார். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகல்களையே வாங்கினார்; அசல் எதையும் கேட்கவில்லை. “டி.சி. இடம் உறுதியான அன்னைக்குக் கொண்டு வந்தா போதும்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்து, உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும், ஆங்கில வழியா தமிழ் வழியா என்று கேட்டார். அவள் சற்றுத் தயங்கி, உயிரியல் என்றும், தமிழ் வழி என்றும் சொன்னாள். ஆங்கில வழிக்கு மாற்றலாமே என்று நான் இடையில் சொன்னபோது, தமிழ் வழியிலேயே படித்து மேலே வந்தவர்கள் ஏராளம், பிள்ளையின் விருப்பப்படி விடுங்கள் என்று அமைதியாகச் சொன்னார். அந்த இரண்டு நிமிடங்களுக்காக நான் அந்த ஆசிரியைக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். புறப்படும்போது விண்ணப்ப எண் எழுதிய சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

சொன்ன நாளில், மே 26 திங்கட்கிழமை காலை, பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தாள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் விண்ணப்ப எண், மதிப்பெண், எந்தப் பிரிவில் இடம் என்ற குறிப்பு. அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் மாநிலத்தின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டு முறை பொருந்தும்: பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. இந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதனால் தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு இடம் கிடைத்ததைக் கண்டு யாரும் கையூட்டு என்று கூச்சலிடவில்லை. ஐயம் வந்தவர்களுக்கு ஓர் ஆசிரியர் தாளில் விரல் வைத்துக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் பெயர் முதற்பட்டியலில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில், எங்கள் பிரிவில் 14-ஆவதாக இருந்தது. மருமகள் ஒன்றும் பேசாமல் நின்றாள். நான் அந்த ஆசிரியரிடம் சென்று, 14 என்றால் நம்பலாமா என்று கேட்டேன். அவர் நம்பிக்கையும் தரவில்லை, கைவிரிக்கவும் இல்லை. பட்டியல் எப்படி நகரும் என்பதைச் சொன்னார். பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் சிலர் பாலிடெக்னிக்குக்குப் போவார்கள், சிலர் கடகத்தூரிலுள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போவார்கள், சிலர் பாதுகாப்புக்காக இரண்டு மூன்று பள்ளிகளில் விண்ணப்பித்திருப்பார்கள், வேறு சிலர் கடைசி நேரத்தில் விடுதியுள்ள தனியார் பள்ளிக்கு மாறுவார்கள். குறித்த நாளுக்குள் மாற்றுச் சான்றிதழோடு வராதவர்களின் இடம் அடுத்த பெயருக்குப் போகும். சற்றுக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டேன். வேதியியல், உயிரியல் செய்முறை வகுப்புக்கு ஆய்வகத்தில் மேசைகள் எத்தனையோ அத்தனை பேரைத்தான் குழுக்களாகப் பிரிக்க முடியும், அதற்கு மேல் சேர்த்தால் பின்னால் நிற்கிற பிள்ளை இரண்டு ஆண்டும் சோதனைக் குழாயைத் தொடாமலே போய்விடும் என்றார். மறுப்பாகவே இருந்தாலும், காரணம் விளங்கும்படி சொல்லப்பட்டதால் அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

அதன் பிறகு ஜூன் 11 வரை காத்திருந்தோம். பள்ளிகள் திறந்த ஜூன் 2 அன்று சென்று பார்த்தபோது 9 ஆகியிருந்தது, ஜூன் 6 அன்று 4. ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழிக்காமல், சேர்ந்தவர் பெயர் மேல் சிவப்பு மையில் கோடிட்டு, நாளையும் குறித்திருந்தார்கள். இடையில் எந்தப் பெயரும் நுழையவில்லை என்பதை நான் என் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இனி குறைகள். பட்டியலின் நகர்வு பலகையில் மட்டுமே தெரியும். விண்ணப்பத்தில் தொலைபேசி எண்ணை வாங்கியும் ஒருவருக்கும் செய்தி அனுப்பவில்லை. எங்கள் ஊரிலிருந்து தர்மபுரிக்கு வந்து திரும்ப அரை நாள் ஆகும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு பெரிதில்லை, ஆனால் அரை நாள் கூலி போய்விடுகிறது. பட்டியலில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர், தன் முறை வந்ததே தெரியாமல் இரண்டு நாள் தாமதமாக வந்து இடத்தை இழந்தார் என்று அறிந்தபோது, எங்களுக்கு அது பயனாக அமைந்தும்கூட மனம் உறுத்தியது. மதிப்பெண் சமமாக இருக்கும்போது யாரை முன்னால் வைப்பது என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. கேட்டால்தான் சொல்கிறார்கள். வெயிலில் நின்ற தாய்மார்களுக்குக் குடிநீரும் கழிப்பிடமும் எங்கே என்று காட்டவும் ஆளில்லை.

பெற்றோர் கையொப்பம் பற்றிய கெடுபிடி இன்னொன்று. சேர்க்கை நாளில் தாயோ தந்தையோ நேரில் வர வேண்டும் என்றார்கள். வெளியூரில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் இது. வளர்க்கிற ஆயாவின் கையொப்பத்தை முதலில் ஏற்க மறுத்ததால், என் தங்கை பெங்களூருவிலிருந்து வேலையை விட்டுவிட்டு இரவுப் பேருந்தில் வந்தாள். ஜூன் 12 அன்று அவள் வந்து நின்றபோது, வரிசையில் வேறொரு மாணவிக்குப் பாட்டியின் கையொப்பத்தைத் தலைமையாசிரியை ஏற்றுக்கொண்டதைப் பார்த்தோம். அந்தச் சலுகை சரியானதே. அது எல்லோருக்கும் உண்டு என்று முதலிலேயே பலகையில் எழுதியிருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு சிறு தொகை கேட்டார்கள், கொடுத்தவுடன் ரசீது தந்தார்கள், இல்லை என்றவர்களை வற்புறுத்தவில்லை.

காத்திருக்கும் நாள்கள் ஒரு பெண்பிள்ளையின் வீட்டில் எப்படிக் கழிகின்றன என்பதைப் பள்ளிகள் அறிய வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். ஜூன் முதல் வாரத்தில் உறவினர் ஒருவர் ஆயாவிடம் வந்து, இடம் கிடைக்கவில்லையாமே, நல்ல வரன் ஒன்று இருக்கிறது என்று பேச்செடுத்தார். அவளுக்கு வயது 15. பெண்ணின் திருமண வயது 18 என்பது அவருக்குத் தெரியாததன்று. பள்ளி திறந்தும் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்பதே அவருக்குப் பேசத் துணிவு கொடுத்தது. ஆயா படிக்காதவர். அவர், “நாலாவதா இருக்குதாம், எழுதி ஒட்டியிருக்காங்க, போய் பாத்துக்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எண் கையில் இருந்ததால் அந்த வயதான பெண்மணியால் உறுதியாக நிற்க முடிந்தது. தனியார் பள்ளி சொன்ன அந்தப் பெயரளவுப் பட்டியலில் இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜூன் 11 புதன்கிழமை இடம் உறுதியாயிற்று. மறுநாள் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து, எமிஸ் எண் மாறியதைத் திரையில் பார்த்துவிட்டு வந்தோம். அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளியை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். விண்ணப்பம் தரும் முதல் நாளே செல்லுங்கள், சான்றிதழ்களின் நகல்களில் மூன்று தொகுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது விருப்பமாக வேறொரு குரூப்பையும் குறிப்பிடுங்கள், பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இடம் உறுதியாகும் வரை அசல் மாற்றுச் சான்றிதழை எவரிடமும் தராதீர்கள்.

சேர்க்கை முடிந்த வாரத்திலேயே பட்டியலைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் தங்கள் முறை எந்த எண்ணோடு நின்றது என்பதை அறிய அதன் பிறகு வழியில்லை. ஜூன் மாத இறுதிவரை அதை வைத்திருக்கவும், முறை வரும்போது தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பவும், வளர்ப்பவரின் கையொப்பம் செல்லும் என்று எழுதி ஒட்டவும் கேட்டுத் தலைமையாசிரியையிடம் ஒரு மனு கொடுத்தேன். அவர் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, என் நகலில் நாள் முத்திரை இட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.